பத்து மைல் பொத்தான்

இருபத்தாறு வருடங்களாக ஒரே அறைக்குள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவரைத் தெருவில் டப்பாக்காரர் என்றுதான் சொல்வார்கள். விமானிகள் பழகுவதற்கான பொய் விமானம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. ஆறு இரும்புக் கால்களின்மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டி. வெளியே இருந்து பார்த்தால் கால் முளைத்த தண்ணீர்த் தொட்டி. கதவைத் திறந்து உள்ளே போனால் அசல் விமானத்தின் முன் அறை அப்படியே இருக்கும். இரண்டு நாற்காலி, முள்ளும் விளக்குமாகக் கருவிகள், நடுவில் எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு லீவர்கள், கண்ணாடிக்கு வெளியே பொய்யான ஓடுபாதை, பொய்யான வானம். விமானிகள் அதை மரியாதையாக சிமுலேட்டர் என்பார்கள். பழுதுபார்க்கிறவர்களுக்கு அது டப்பா.

"இத்தனை வருஷமா பறந்துட்டே இருக்கீங்க, ஒரு அடி நகரலை," என்பாள் அவர் மனைவி. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவள்.

"நகர்ந்தா வேலை போயிடும்," என்பார் அவர்.

நல்ல வேலைக்காரர். வீட்டில் எந்தச் சாமான் கெட்டாலும் அவரே பார்ப்பார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அது அவர் கண்முன் ஒருமுறை கெட்டுக் காட்டவேண்டும். துவைக்கும் இயந்திரம் போர்வை போட்டால் மட்டும் குதிக்கிறது என்று மனைவி மூன்று முறை சொன்னாள். வெறுமனே ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். நாலாவது முறை அது போர்வையோடு சுவர் வரை நடந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டது.

"காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போறவன் அங்க போய் அவர் எதிர்ல இன்னொரு தரம் காய்ச்சல் வரவழைக்கணுமா?" என்று கேட்டாள்.

"பார்க்காததை எப்படிம்மா சரி பண்றது?"

அதுதான் அவர் தொழில் தர்மம். டப்பாவில் ஏதாவது கோணல் தெரிந்தால் பயிற்சியாளர்கள் குறைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். அவர் அந்தக் கோணலை வரவழைத்துப் பார்ப்பார். வந்தால் சரிசெய்வார். வராவிட்டால், 'சோதிக்கப்பட்டது, குறை இல்லை' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். தெளிவான கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

மனைவியின் தம்பி நிஜ விமானத்தில் கேப்டன். பதினோரு வருடமாக. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். வருடத்துக்கு இரண்டு முறை டப்பாவில் வந்து பரீட்சை கொடுப்பான். மற்ற நாளில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் கால் நீட்டிக்கொண்டு, "அத்தான் புண்ணியத்துல நான் நூறு தடவை செத்திருக்கேன்க்கா. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து டீ குடிக்கக் கூப்பிட்டிருக்காரு," என்பான். சிரிப்பு வீடு முழுக்கக் கேட்கும்.

அந்தச் சிரிப்பு நின்றது ஒரு வியாழக்கிழமைக் காலையில்.

*

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லவேண்டும்.

அந்த வகை விமானத்தில் ஆட்டோத்ரஸ்ட் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரே எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். லீவர் ஒரு பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இந்த அளவுக்கு மேல் போகாதே என்று எல்லை சொல்வது மட்டும்தான் அப்போது அதற்கு வேலை. லீவர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல அடியில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அது செத்துப்போனால் லீவர் வெறும் கைப்பிடி. தள்ளினாலும் இழுத்தாலும் எஞ்சினுக்குச் சேதி போகாது. எஞ்சின் நின்றுவிடாது. கம்ப்யூட்டர் கையை நம்புவதை விட்டுவிட்டுத் தானே அதை ஓட்டும். மேலே பறக்கும்வரை விமானிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இறங்கும்போதுதான் தெரியும். இறங்குவதற்காக இறக்கையின் முன்விளிம்புத் தகடுகளை விரித்ததும், கம்ப்யூட்டர் அந்த ஒரு எஞ்சினை மட்டும் ஆகக் குறைந்த வேகத்துக்கு, ஐடிலுக்கு, கொண்டுவந்துவிடும். தரையைத் தொட்ட பிறகு எந்தக் கைக்கும் அடங்காத எஞ்சின் ஒன்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. மிச்சத் தூரத்துக்கு இன்னொரு எஞ்சின்தான் கதி. விமானத்தின் புத்தகத்தில் இது ஒரு வரியில் இருக்கிறது.

அன்று காலை மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது வலது லீவர் கோளாறு என்று எச்சரிக்கை விளக்கு வந்தது. மச்சினன் பதறவில்லை. டப்பாவில் இதே பாடத்தை இரண்டு வருடத்துக்கு முன் முழுசாகச் செய்திருந்தான். வலது எஞ்சின் ஒரே அளவில் நிற்கும், இடது லீவரை வைத்துச் சமாளிக்கலாம். அதுதான் அவன் கைக்குத் தெரிந்தது. இறங்க வேண்டிய ஊருக்குப் போய், தாழ வந்து, தகடுகளை விரித்தான். வலது எஞ்சினின் முள் விழுந்தது. விமானம் வலப்பக்கம் முகத்தைத் திருப்பியது.

எஞ்சின் செத்துவிட்டது என்று நினைத்தான். செத்த எஞ்சினுக்கு என்ன செய்யவேண்டுமோ அதையெல்லாம் செய்தான். எரிபொருளை மூடி அதை அணைத்தான். அந்த அவசரத்தில் வேகம் குறைந்துகொண்டே வந்ததை அவனும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த துணை விமானியும் பார்க்கவில்லை. சக்கரம் முதலில் தொட்டது ஓடுபாதைக்கு முன்னால் இருந்த புல்லை. பயணி ஒருவருக்கு இரண்டு பல் போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணுக்கு முதுகெலும்பில் விரிசல். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வெளியே போனார்கள்.

விசாரணைக் குழு அவனை ஒரு நீள மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது.

"ஓடிட்டிருந்த எஞ்சினை எதுக்கு அணைச்சீங்க?"

"செத்துடுச்சுன்னு நினைச்சேன் சார். தகடு விரிச்சாலும் முள்ளு அதே அளவுல நிக்கும்னுதான் எனக்குப் பழக்கம். டப்பால, மன்னிக்கணும், சிமுலேட்டர்ல அப்படித்தான் வந்துச்சு."

குழுத் தலைவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். குறைப் புத்தகத்தின் நகல். பயிற்சி நிலையத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். இப்போது ஓய்வு பெற்றுப்போன ஒரு பயிற்சியாளர் எழுதியிருந்தார்: 'வலது லீவர் கோளாறுப் பாடம். தகடு விரிந்த பிறகும் எஞ்சின் இறங்கவில்லை. பார்க்கவும்.' அதற்குக் கீழே தனித்தனியாக நின்ற எழுத்துகளில்: 'சோதிக்கப்பட்டது. எஞ்சின் சரியாக இறங்குகிறது. குறை இல்லை.'

"தேதியைப் பாருங்க," என்றார் தலைவர். "நீங்க அந்தப் பாடம் செய்யறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. மெஷின் சரியாத்தான் இருந்திருக்கு. உங்க ஞாபகம்தான் சரியில்லை."

*

அன்று சாயங்காலம் அவன் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டப்பால அந்த எஞ்சின் இறங்காம அதே அளவுல நிக்கும்ல?"

"இல்ல மச்சான். ஐடிலுக்குத்தான் வரும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? நானே உக்காந்து பார்த்தேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நின்னுச்சு அத்தான். முள்ளு அறுபத்து மூணுல நின்னுச்சு. எனக்கு அந்த நம்பர்கூட ஞாபகம் இருக்கு."

அவர் இரக்கமாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவனை அடித்தது என்று மனைவி பிற்பாடு சொன்னாள். குழு கேட்ட கேள்வி எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அதற்குப் பிறகு அவன் தினமும் வர ஆரம்பித்தான். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள், போக இடமில்லை. மத்தியானம் வந்து, சமையலறை வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டு அக்காவிடம் ஏதாவது கேட்பான்.

"நம்ம பழைய வீட்டு மாடிக்கு எத்தனை படிக்கா?"

"பதினாலு."

"பதினாறு இல்ல?"

"பதினாலுடா. நான்தானே தினம் கூட்டினேன்."

அவன் தலையாட்டிக்கொண்டே முன்னறைக்குப் போவான். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வருவான். "உன் கல்யாணத்துல நான் நீலச் சட்டைதானே?"

"வெள்ளை."

ஆல்பத்தை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளைதான். அவன் அந்தப் படத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தான், யாரோ தெரியாத பையனின் படம் மாதிரி.

யாருக்குத்தான் படிக்கட்டுக் கணக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் அவன் ஒவ்வொன்றையும் சாட்சியாக எடுத்துக்கொண்டான், தனக்கு எதிரான சாட்சியாக. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போவான். போய்ப் பார்த்துவிட்டு வருவான். பார்த்தோமா என்று மறுபடி போவான். தலைக்கு ஸ்கேன் எடுத்தான். ஒன்றும் இல்லை என்றார்கள். அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

"நோய்னு ஒண்ணு இருந்தா பேராவது வச்சிருப்பாங்க," என்றான் அத்தானிடம். "எனக்கு நடக்காததெல்லாம் நடந்த மாதிரி தெரியுது. அந்த முள்ளு இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது. நீங்க விழும்ங்கறீங்க. அப்ப நான் எதைப் பார்த்தேன்?"

குழு அவனிடம் ஒரு கடிதம் கேட்டிருந்தது: என் ஞாபகம் பிசகியிருக்கிறது, சிமுலேட்டர் மீது நான் சொன்ன குற்றம் தவறு. கையெழுத்துப் போட்டால் தரையில் ஏதாவது மேஜை வேலை கொடுப்பார்கள். போடாவிட்டால் பொய் சாட்சி என்று எழுதுவார்கள், உரிமம் போகும். எப்படியானாலும் பறக்க முடியாது. வித்தியாசம் ஒன்றுதான்: பைத்தியக்காரனா, புளுகனா.

"டப்பாவைக் காட்டுங்க அத்தான்," என்றான் ஒருநாள். "என் கண்ணால அது விழுறதைப் பார்த்துட்டேன்னா, இந்த நிக்கிற முள்ளு போயிடும். அப்புறம் கையெழுத்துப் போட்டுடறேன்."

*

டப்பா காலை ஐந்து மணியிலிருந்து ஓயாமல் ஓடும். பழுதுபார்க்கிறவர்களுக்குக் கிடைப்பது இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் அரை மணி. அதனால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் விமானத்தைத் தரையிலிருந்து கிளப்பமாட்டார்கள். பயிற்சியாளர் மேஜையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விமானம் ஓடுபாதைக்குப் பத்து மைல் முன்னால், மூவாயிரம் அடி உயரத்தில், தகடு விரித்த நிலையில் வந்து நிற்கும். கோளாறைப் போடு, பார், அடுத்தது. டப்பாக்காரர் விரல் அந்தப் பொத்தானில் எத்தனை ஆயிரம் முறை பட்டிருக்கும் என்று சொல்லமுடியாது. அதன்மேல் இருந்த எண் தேய்ந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான இடைவெளியில் மச்சினனை உள்ளே கூட்டிப்போனார். அவன் இடது நாற்காலியில் உட்கார்ந்தான். சீட் பெல்ட்டைக் கட்டிக்கொண்டான், தேவையே இல்லை.

பொத்தானை அழுத்தினார். வலது லீவர் கோளாறைப் போட்டார்.

முள் விழுந்தது. வலது எஞ்சினின் சத்தம் ஒலிபெருக்கியில் இறங்கி, பெருமூச்சு மாதிரி அடங்கியது.

"இன்னொரு தரம்," என்றான்.

விழுந்தது.

"இன்னொரு தரம்."

ஐந்தாவது முறைக்குப் பிறகு அவன் கேட்கவில்லை. லீவரின்மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சரி அத்தான். எனக்குத்தான் கழண்டுடுச்சு." சிரிக்கப் பார்த்தான். வெளியே வரும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "உங்களுக்குச் சௌகரியம். பாதி வானத்துலயே பொறந்துடுவீங்க. நாங்க அன்னிக்குத் தரையிலிருந்து கிளம்பி ஒண்ணரை மணி நேரம் சுத்தினோம். முதுகு போயிடுச்சு."

அவனுக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. டப்பாக்காரருக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவருக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை.

"என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

திங்கட்கிழமை ஒரு வகுப்பு ரத்தானது. ஒன்றரை மணி நேரம் டப்பா சும்மா இருந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு காரியத்தைச் செய்ததாக அவருக்கு நினைவில்லை: பொய் ஓடுபாதையின் தொடக்கத்தில் விமானத்தை நிறுத்தி, முறைப்படி கிளம்பினார். பாதையோரத்தில் ஒரு மஞ்சள் லாரி எப்போதும் நிற்கும். யாரும் ஏறாத, யாரும் இறங்காத லாரி. அது பின்னால் போயிற்று. மேகம் வந்தது. ஏறும்போதே வலது லீவர் கோளாறைப் போட்டார். ஆட்டோத்ரஸ்ட் பாட்டுக்கு எஞ்சினை ஓட்டியது. மேலே போய், ஒரு வட்டம் அடித்து, இறங்க ஆரம்பித்தார். தகடுகளை விரித்தார்.

இடது முள் அசைந்தது. வலது முள் அசையவில்லை.

அறுபத்து மூன்று.

அவர் காத்திருந்தார். தகடுகள் முழுசாக விரிந்த விளக்கு வந்தது. எஞ்சின் அதே சுருதியில், அதே அளவில் இரைந்துகொண்டிருந்தது. லீவரைப் பின்னால் இழுத்தார். செத்த லீவர், இழுத்த இடத்துக்கு வந்தது. எஞ்சின் அதைப் பார்க்கக்கூட இல்லை. அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தம் நிற்கவேயில்லை. அவர் பயந்து, படத்தை அப்படியே உறையவைக்கிற பொத்தானை அழுத்தினார். வானம் நின்றது. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

பிறகு பத்து மைல் பொத்தானை அழுத்தினார். விழுந்தது.

இரண்டும் புரிந்தது. தகடு முதலில் விரிந்திருந்து கோளாறு அப்புறம் வந்தால் டப்பா சரியாக நடந்துகொள்ளும். கோளாறு முதலில் வந்து தகடு அப்புறம் விரிந்தால் அது மறந்துவிடும். நிஜ வானத்தில் எப்போதும் இரண்டாவது வரிசைதான். அவர் எப்போதும் பார்த்தது முதல் வரிசை.

*

அவர் அன்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

ஏன் என்று அவரிடம் கேட்டால் ஒரு பதிலும் உருப்படியாக வராது. டப்பாவை மூடவேண்டிவரும், வகுப்புகள் எல்லாம் நிற்கும் என்றும் நினைத்தார். கையெழுத்திடும் உரிமை போகும் என்றும் நினைத்தார். ஆனால் உண்மையில் நெஞ்சை அடைத்தது அது இல்லை. 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க' என்று அவன் கேட்டதும், 'யோசிக்க என்ன இருக்கு' என்று தான் சொன்னதும். புத்தகத்தில் இருப்பதை அடித்துவிட்டு எழுதலாம். வாயால் சொன்னதை எங்கே போய் அடிப்பது?

வீட்டில் துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்று முடிந்து சத்தம் அடங்கும்போதெல்லாம் அவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடங்கிய பிறகுதான் மூச்சுவிட்டார். பூச்சி கடித்தவர் மாதிரி படுக்கையில் புரண்டார். ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: அந்தப் பாடத்தை முழுசாகச் செய்தவர்கள் மச்சினன் ஒருவன் மட்டும் இல்லை.

புதன்கிழமை காலை, மனைவி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கடையில ஒண்ணு பார்த்திருக்கேன்," என்றாள், கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே. "ஒருத்தர் கண்ணுல லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு கேப்பேன். தெரியலைம்பாங்க. மூணாவது தடவை நான் கேட்டா, நமக்கு எது வேணுமோ அதைச் சொல்லிடுவாங்க. கண்ணு கெட்டுப்போய் இல்ல. நம்ம மூஞ்சியைப் பார்த்து. தம்பியைப் பார்த்தா எனக்கு அந்த ஞாபகம்தான் வருது."

அவர் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும். அறுபத்து மூன்று என்பதையும்.

அவள் கைப்பையை மூடினாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். மச்சினன் கதவைத் திறந்தான். முகம் கழுவி, ஷேவ் செய்து, பார்க்க நன்றாகவே இருந்தான். மேஜைமேல் பள்ளிக்கூடக் குழந்தை மாதிரி வரிசையாகப் பேனாக்களை அடுக்கிவைத்திருந்தான்.

"வாங்க அத்தான். இப்பத்தான் கொஞ்சம் தூக்கம் வருது எனக்கு."

நின்றபடியே சொன்னார். உட்கார்ந்து சொல்லத் தைரியம் இல்லை. கடைசியில் அவன் கேட்டான்:

"எத்தனை நாளா தெரியும்?"

"திங்கட்கிழமையிலேருந்து."

"நான் நேத்து மத்தியானம் கையெழுத்துப் போட்டேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவன் பேனாக்களில் ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினான், மாட்டினான்.

"அறுபத்து மூணு," என்றான் மெதுவாக.  தொலைந்துபோன பிள்ளையின் பேரைச் சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்து, "நீங்க கிளம்புங்க சார்," என்றான்.

பதினோரு வருடத்தில், அதற்கு முன் அவன் மாணவனாக இருந்த வருடங்களில், அவன் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

*

அரை மணியில் அவர் பயிற்சி நிலையத்தில் இருந்தார். குறைப் புத்தகத்தைத் திறந்து தன் பழைய கையெழுத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினார்: 'நான் செய்த சோதனை தவறானது. பத்து மைல் நிலையிலிருந்து மட்டும் பார்த்தேன். தரையிலிருந்து கிளம்பினால் எஞ்சின் இறங்கவில்லை. குறை உள்ளது. இரண்டு வருடமாக உள்ளது.' உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டி, அதை நிறுத்தி, இரண்டு விமானிகளையும் வெளியே அனுப்பிவிட்டு, டப்பாவின் மின்விசையைத் துண்டித்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

பயிற்சி மேலாளர் ஓடிவந்தார். "என்னய்யா பண்ற? யாரைக் கேட்டு நிறுத்தின?"

"புத்தகத்தைப் பாருங்க சார்."

மேலாளர் படித்தார். இரண்டாவது முறை படித்தார். அவருடைய கோபம் இறங்கியது. அந்த இடத்தில் வந்தது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"எத்தனை பேர் இதுல அந்தப் பாடம் செஞ்சிருக்காங்க?"

"நானூத்திப் பன்னெண்டு. பதிவேட்டைப் பார்த்து எண்ணிட்டேன்."

வியாழக்கிழமை குழு வந்தது. சாவியை அவரிடமிருந்து வாங்கித் திறந்தார்கள். மூன்று பேர் பின்னால் நிற்க, மச்சினன் இடது நாற்காலியில் உட்கார்ந்து தரையிலிருந்து கிளம்பினான். ஒருமுறைதான். தகடு விரிந்தது, முள் நின்றது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார். மச்சினன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவன் எழுதிக்கொடுத்த கடிதத்தை அவர்கள் கிழிக்கவில்லை. அதன்மேல் இன்னொரு தாளை வைத்துக் குத்தினார்கள். பறக்கலாமா என்பதைப் பின்னால் சொல்வதாகச் சொன்னார்கள். டப்பாக்காரருக்கு மட்டும் பின்னால் இல்லை. அன்றைக்கே கையெழுத்திடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான்.

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அன்றைக்கே சொல்லியாகவேண்டும். மின்னஞ்சல் போனது, யார் படித்தார்கள் யார் படிக்கவில்லை என்று தெரியாது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் குரல் கேட்டு உறுதி செய்யச் சொன்னார்கள். மேலாளர் பட்டியலை டப்பாக்காரர் முன் வைத்துவிட்டுப் போனார். தண்டனையா, நம்பிக்கையா என்று அவருக்கு விளங்கவில்லை. போனை எடுத்தார்.

நாற்பதாவது ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. மச்சினன்.

"பாதியை இங்க குடுங்க."

அத்தான் என்று சொல்லவில்லை. சார் என்றும் சொல்லவில்லை. அவர் தாள்களைப் பிரித்துக் கொடுத்தார்.

அவன் பேசிய விதம் வேறு. சுற்றிவளைக்கவில்லை. "லீவர் கோளாறு வந்துச்சுன்னா, தகடு விரிச்சதும் அந்தப் பக்கம் எஞ்சின் இறங்கும். இறங்கத்தான் செய்யும். செத்துடுச்சுன்னு நினைச்சு அணைச்சுடாதீங்க. டப்பால முள்ளு இறங்காம நின்னதை மறந்துடுங்க." ஒரு ஆள் மறுமுனையில் ஏதோ கேட்டுச் சிரித்தது டப்பாக்காரர் காதுவரை வந்தது. மச்சினன் நிதானமாக, "ஆமா, புல்லுல இறக்கினவன்தான் பேசறேன். அதனாலதான் சொல்றேன். எழுதிக்கிட்டீங்களா?" என்றான்.

பலர், "ஆமாமா, முள்ளு அதே இடத்துல நிக்கும்ல? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே," என்றார்கள். ஒவ்வொருமுறை அதைக் கேட்டபோதும் மச்சினன் ஒரு கணம் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தான்.

போன் அணைத்துவைத்திருந்தவர்களின் பேருக்கு எதிரே அவன் ஒரே வார்த்தையை எழுதிக்கொண்டு போனான்: மேலே. அவர்கள் அப்போது பறந்துகொண்டிருந்தார்கள். டப்பாக்காரரும் தன் பட்டியலில் அப்படியே எழுத ஆரம்பித்தார்.

மாலை நாலரைக்கு முப்பத்தொரு பேர் மேலே இருந்தார்கள். ஐந்தரைக்குப் பத்தொன்பது. மனைவி போன் செய்து, தம்பி சாப்பிட்டானா என்று கேட்டாள். இரண்டு பேருமே சாப்பிடவில்லை. ஒவ்வொரு கால்மணிக்கும் மறுபடி அடித்தார்கள். ஒருவர் இறங்கிப் போனை எடுத்து, "என்ன விஷயம்?" என்று கேட்கும்போதெல்லாம் மச்சினன் அந்த வார்த்தையை அடித்தான். கோடு தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தமாக விழுந்தது.

ஆறு பேர் மிச்சம். அவர்கள் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு முன்னால் இருக்கிற லீவர்கள் சரியாக இருக்கும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். டப்பாக்காரர் முதல் எண்ணை மறுபடி அடித்தார். அணைத்துவைக்கப்பட்டுள்ளது என்றது குரல். இரண்டாவதை அடித்தார்.

மச்சினன் தன் மூன்று பேரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்கட்டும்," என்றான்.